குமரி மாவட்டத்தில் வழிகாட்டியோடு நன்னீர்த் தூண்டில்: யாராவது அழைத்துப் போகிறார்களா?

மார்த்தாண்டம்_விட்டவன்

வணக்கம் மக்களே. ஊர் மார்த்தாண்டம் பக்கம், பதினோரு வருடமாகக் குடித்தனம் ஃபுளோரிடாவில், ஒர்லாண்டோவில். டிசம்பர் 18 முதல் மூன்று வாரம் ஊரில் இருப்பேன். கூட மகன் வருகிறான், பதின்மூன்று வயது. அவனுக்காகத்தான் இந்தக் கேள்வி.

போன பிப்ரவரியில் அவனைக் கிஸிம்மீயில் இருக்கும் டோஹோ ஏரிக்கு லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்க அழைத்துப் போனேன். வழிகாட்டிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். விடியுமுன் படகுத்துறைக்கு வரச் சொன்னார். ஷைனர் என்று ஒரு வெள்ளி மீன், நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். அதை உதட்டில் முள் கோத்து உயிரோடு கோரைப் புல் ஓரமாக விட்டு, மேலே ஒரு மிதவை. "மிதவையைப் பார், நடுங்க ஆரம்பித்தால் கீழே பெரியவர் வந்துவிட்டார் என்று அர்த்தம்" என்றார். இருபது நிமிடம் சும்மா கிடந்த மிதவை திடீரென்று கிடுகிடுவென்று ஆடி, டபக்கென்று உள்ளே போயிற்று. ஆறரை பவுண்டு, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முட்டை வயிற்றோடு இருந்த பெண் மீன். ஒரு போட்டோ எடுத்து உடனே தண்ணீரில் விட வைத்தார்.

அரை நாளுக்கு 400 டாலர், இரை மீனுக்குத் தனிக் காசு. எனக்கு நன்னீர் லைசென்ஸ் நானே வாங்க வேண்டியிருந்தது. பதினாறுக்குக் கீழே என்பதால் அவனுக்குத் தேவையில்லை.

இப்போது பையன் கேட்கிறான்: "உங்க ஊர்லதான் இவ்வளவு தண்ணி இருக்குன்னு சொல்வீங்களே, அங்க யாரு கூட்டிட்டுப் போவா?" பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணையானாலும் சரி, எந்தக் குளமானாலும் சரி. படகும் ஆளும் கிடைக்குமா?

ரப்பர்வெட்டு

பாஸ் மீன் என்றதும் எந்த பாஸ் என்று கேட்டான் பக்கத்தில் இருந்தவன்.

அந்த மீன் இங்கே கிடையாது அண்ணா. இணையத்தில் தேடினால் 'சீ பாஸ்' என்று நம்ம கொடுவாவைக் காட்டும். அது வேறு, இது வேறு.

அணைக்கட்டு_பேரன்

படகில் அணைக்குள் போகும் ஆசையை முதலில் விட்டுவிடுங்கள்.

எங்கள் பாட்டா பேச்சிப்பாறையில் மதகுக் காவல் வேலை பார்த்தவர். 1906-ல் கட்டி முடித்த திருவிதாங்கூர் கால அணை அது. சுற்றியுள்ள காடு சரணாலயம், வனத்துறை வசம். அணை மீன் உரிமம் உள்ளவர்களுக்குத்தான். கட்லா, ரோகு எல்லாம் குஞ்சு விட்டு வளர்ப்பவை. உள்ளே இருக்கும் காணி பழங்குடி மக்கள் குடியிருப்புகளுக்குப் படகு போகும், அது அவர்கள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரும் வழி. அதில் தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு ஏறினால் நன்றாக இருக்காது.

டிசம்பரில் இன்னொன்றும் உண்டு. வடகிழக்கு மழை பலமாக இருந்தால் பேச்சிப்பாறை முழு அளவான 48 அடியை நெருங்க விடமாட்டார்கள், முன்கூட்டியே உபரி நீர் திறப்பார்கள். அந்த நேரம் கோதையாற்றிலும் திற்பரப்பிலும் குழித்துறையிலும் தண்ணீர் எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும். பாறைமேல் நின்று தூண்டில் போடும் பையன்களை ஊர்க்காரர்கள் கத்திக் கூப்பிடுவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

தாமரைக்குளத்தான்

மேலே சொன்னது சரி. ஆனால் 'இல்லை' என்று முடித்துவிட வேண்டாம். நம் மாவட்டத்தில் குளம் மட்டும் 2,000-க்கு மேல். அதில் விரால் இருக்கிறது. டோஹோவில் பாஸ் செய்யும் வேலையை இங்கே விரால் செய்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குளம் குத்தகைக்கு எடுத்துத் தாமரை பறிக்கிறோம். பூ தோவாளைச் சந்தைக்குப் போகும். விடியற்காலை தெர்மாகோல் மிதவையில் குப்புறப் படுத்து, கையால் துழாவிக்கொண்டே பூப் பறிப்போம். முகம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. விரால் எங்கே மூச்சு வாங்க வருகிறது, எந்த இலைக்குக் கீழே கிடக்கிறது, எந்த மடையோரம் தவளைக்குக் காத்திருக்கிறது என்று எங்களுக்கு மேலே யாருக்கும் தெரியாது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றை விழுங்க வேண்டும். அந்த 'ப்ளக்' சத்தம் ஒரு தடவை காதில் பட்டால் மறக்காது.

பிடிக்கும் விதம்: ரப்பர் தவளை என்னும் பொய் இரை. இரண்டு முள்ளும் தவளையின் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், அதனால் இலையில் மாட்டாது. இடைவெளியைத் தாண்டி எறிந்து, இலைமேல் இழுத்து, இலை முடியும் விளிம்பில் ஒரு நிமிஷம் சும்மா விட வேண்டும். அந்த 'சும்மா'தான் வித்தை. விரால் வெடித்து மேலே வரும். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, வெடித்த உடனே சுண்டுவது. தவளை பறந்து வந்து நம் மூக்கில் விழும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, நூலில் பாரம் தெரிந்த பிறகு சுண்ட வேண்டும்.

நூல் பின்னல் நூலாக, தடியாக இருக்க வேண்டும். நைலான் ஆகாது. தாமரைத் தண்டில் சின்னச் சின்ன முள் உண்டு, மீன் அதில் சுற்றினால் நைலான் நீண்டு கொடுக்கும், இழுத்து எடுக்க முடியாது.

வழிகாட்டி வேண்டும் என்றால் படகைத் தேடாதீர்கள், குத்தகைக்காரரைத் தேடுங்கள். கரையில் நடந்தே பிடிக்கலாம்.

நெய்யாற்றங்கரை_மருமகன்

தாமரைக்குளத்தான் சொல்வதில் ஒரு வார்த்தை விட்டுப்போயிற்று: குத்தகைக்காரரின் *அனுமதி*. நான் பட்டது சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்னால் சமூக வலைத்தளத்தில் ஒருவர் "விரால் வேட்டை, ஒரு நாளைக்கு ஆளுக்கு 2,500, ராடு ரீல் எல்லாம் தருவோம்" என்று போட்டிருந்தார். நானும் மச்சானும் போனோம். காலை ஐந்தரைக்கு ஒரு குளத்தங்கரையில் இறக்கிவிட்டார். ஏழரைக்கு டார்ச்சும் கம்புமாக நாலு பேர் வந்தார்கள். வெயில் அடிக்கிற நேரத்தில் டார்ச் எதற்கு என்று நான் இன்னும் யோசிக்கிறேன். குத்தகைக்காரரும் அவர் தம்பிமாரும். நம் 'வழிகாட்டி' பைக்கை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். நாங்கள் பிடித்த ஒரு விராலையும் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு, மேலே ஆயிரம் ரூபாயும் கொடுத்து வந்தோம். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அரசாங்கத்துக்கு ஏலத் தொகை கட்டி, மீன்குஞ்சு வாங்கி விட்டு, கொக்கையும் நீர்க்காகத்தையும் விரட்டி வளர்க்கிறவர்கள் அவர்கள்.

குழித்துறைக்காரி

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறேன். வீட்டில் நால்வருக்கும் தூண்டில் பைத்தியம். இரண்டு விஷயம்.

ஒன்று, சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூரும் 2022 முதல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ளவை. டிசம்பர், ஜனவரியில் வலசைப் பறவைகள் இறங்கும் நேரம். அங்கே பைனாகுலரோடு போங்கள், ராடை வீட்டில் வையுங்கள்.

இரண்டு, பார்ப்பு. அதாவது விரால் குஞ்சுக் கூட்டம். செம்மஞ்சள் நிறத்தில், தண்ணீரின் மேல் மழை தூறுவது போலக் கொதித்துக்கொண்டு ஒரு முறம் அகலத்துக்கு நகரும். கீழே தாயும் தகப்பனும் காவல். அந்தக் கூட்டத்துக்கு நடுவே தவளையைப் போட்டால் பசி இல்லாவிட்டாலும் தாக்கும், கோபத்தில். அப்படிப் பிடிப்பதை வீரம் என்று வீடியோ போடுகிறார்கள். பெற்றவர்களைத் தூக்கினால் அந்த ஆயிரக்கணக்கான குஞ்சும் சிலேபிக்கும் (திலாப்பியா) கெளுத்திக்கும் காலை உணவு. ஒரு மணி நேரம் போதும்.

ஃபுளோரிடாக்காரர் நினைவுபடுத்திப் பாருங்கள், பிப்ரவரியில் அங்கே பாஸ் கரையோரம் வருவதும் முட்டையிடத்தான். அங்கே கூட்டைக் காப்பது ஆண். பெரிய பெண் மீனை உங்கள் வழிகாட்டி உடனே விட வைத்ததற்குக் காரணம் அந்த முட்டைதான். நம் ஊரில் விரால் குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் இரண்டு மழையையும் ஒட்டி. டிசம்பரில் நீங்கள் பார்ப்பைக் கட்டாயம் பார்ப்பீர்கள். பையனுக்குக் காட்டுங்கள், பக்கத்தில் எறியாதீர்கள்.

மணக்குடி_மச்சான்

குளத்து மீனைப் பற்றி இவ்வளவு பேச்சா! கடல் மீன் கொட்டிக் கிடக்கிற மாவட்டத்தில் சேற்று வாடை அடிக்கிற விராலை யார் தொடுவார்?

அண்ணே, மணக்குடிக்கு வாருங்கள். பழையாறு கடலில் சேருகிற இடம். மழையில் பொழி, அதாவது முகத்துவார மணல்திட்டு, உடைந்தால் கொடுவா உள்ளே ஏறும். 2004 சுனாமி பழைய பாலத்தைத் தூக்கிப் போட்ட இடம்தான். இப்போது புதுப் பாலம் இருக்கிறது. ஒரு பக்கம் அலையாத்தி, தூண் ஓரமெல்லாம் ஆழம். உயிர் இறாலைக் கோத்து, கடல் ஏற்றம் தொடங்கும் நேரத்தில் விட வேண்டும். உங்கள் பாஸ் ஆறரை பவுண்டு என்றால் கொடுவா அதை விழுங்கும்.

கையில் எடுக்கும்போது செவுள் மூடி ஜாக்கிரதை. ஓரம் பிளேடு. என் இடது கையில் நாலு தையல் சாட்சி.

ரப்பர்வெட்டு

விராலைத் தொடமாட்டேன் என்கிற மச்சானுக்கு, எங்கள் பக்கம் குடம்புளி போட்டு வைக்கும் விரால் கறியும் வேக வைத்த மரச்சீனிக் கிழங்கும் ஒரு நாள் தர வேண்டும். சாம்பலில் தேய்த்துக் கழுவினால் வாடையாவது ஒன்றாவது.

துபாய்_தோவாளை

நான் கொஞ்சம் மாற்றி யோசிக்கிறேன். லார்ஜ்மவுத் பாஸ் சூடான தண்ணீரில் வாழும் மீன். ஃபுளோரிடா வெயிலும் நம் வெயிலும் ஏறக்குறைய ஒன்று. சிற்றாறு அணைகளில் ஒன்றில் அரசு அனுமதியோடு குஞ்சு விட்டால் என்ன? ஜப்பானில் இதை வைத்துப் பெரிய சுற்றுலாவே நடக்கிறது. பிவா ஏரியில் 2009-ல் உலகச் சாதனை மீன் பிடித்தார்களே. எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்!

குழித்துறைக்காரி

தம்பி, வேண்டாம்.

பிவா ஏரியைச் சொன்னீர்கள், மீதியையும் கேளுங்கள். ஜப்பானுக்கு 1925-ல் அஷி ஏரியில் பாஸ் வந்தது. பிற்பாடு நாடு முழுக்கப் பரவி உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. 2003 முதல் பிவா ஏரியில் பிடித்த பாஸைத் திரும்ப விடக் கூடாது என்று விதி. 2009-ல் மனாபு குரிட்டா பிடித்த அந்த 10 கிலோ மீன், 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்ததற்குச் சமம் என்று சாதனைப் பட்டியலில் நிற்கிறது. ஆனால் அந்த ஏரியில் அது ஒரு குற்றவாளி. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறது.

நமக்கு வெளியே தேட வேண்டியதே இல்லை. சிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்தது, புரதம் கிடைக்கும் என்று. இன்று எந்தக் குளத்தில் வலை வீசினாலும் முதலில் வருவது எது?

துபாய்_தோவாளை

சரி அக்கா, சிலேபியைச் சொன்ன பிறகு பேச ஒன்றும் இல்லை. ஆனால் வேலைவாய்ப்பு என்ற பேச்சை நான் விடவில்லை. விராலை வைத்தே ஏன் செய்யக் கூடாது?

தாமரைக்குளத்தான்

செய்யலாம். கணக்குத்தான் இடிக்கிறது, அதைப் பேசுவோம்.

ஜூனில் கன்னிப்பூ நெல் போகத்துக்கு அணை திறந்தால் பிப்ரவரி கடைசி வரை கால்வாயில் தண்ணீர் ஓடும், குளம் நிறைந்திருக்கும். அணை அடைத்த பிறகு மார்ச் முதல் மே வரை தண்ணீர் இறங்கும். தூண்டில்காரனுக்கு அதுதான் பொற்காலம், மீன் ஒதுங்கும் இடம் கைவிரலில் எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் குத்தகைக்காரன் வலை இழுத்துப் போட்ட காசை எடுப்பதும் அப்போதுதான். ஒரு கிலோ விரால் விற்றால் கையில் வரும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே விராலை ஒருவர் பிடித்து விட்டுவிட்டுப் போக எவ்வளவு தருவார்? உங்கள் டோஹோ பெரியவர் ஒரே மீனை எத்தனை பேருக்கு விற்றிருப்பார் யோசியுங்கள். எங்கள் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "பிடிச்சதை விடுறதுக்கு ஒருத்தன் காசு தருவான்னா, அவனை முதல்ல டாக்டரிடம் காட்டு" என்றார்.

ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டே பேர், பூப் பறித்து முடித்த பிறகு, கரையிலிருந்து மட்டும், முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் அமுக்கிய தவளை மட்டும் என்றால் அப்பா சம்மதிப்பார் போலத்தான் இருக்கிறது. இலை கிழிந்தால் பூ போச்சு, அதுதான் அவர் கவலை. மார்த்தாண்டம் அண்ணா, நீங்கள் வந்ததும் தனிமடல் போடுங்கள்.

மார்த்தாண்டம்_விட்டவன்

இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. படகு என்று ஆரம்பித்தேன், இப்போது தாமரைக் கரையில் நிற்கிறேன். தம்பி, தனிமடல் அனுப்பியாயிற்று. அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்டப்பட வேண்டிய ஆள் நான்தான் என்றும் சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம். காலையா மாலையா? ஃபுளோரிடாவில் கோடையில் விடியற்காலை முடிந்ததும் வழிகாட்டிகள் கடையைக் கட்டிவிடுவார்கள். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறைந்து, பிடித்து விட்ட மீன் தப்பிப்பது கஷ்டம் என்பார்கள்.

குழித்துறைக்காரி

விரால் காற்றை விழுங்குவதால் ஆக்சிஜன் கதை அவ்வளவு பொருந்தாது. ஆனால் சூடான காய்ந்த கையால் பிடித்து, மணலில் உருட்டி, தோல் வழுவழுப்பைத் துடைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கையை நனைத்துக்கொள்ளுங்கள். வாளியில் போட்டால் மேலே காற்றுக்கு இடம் விடுங்கள். முழுக்கத் தண்ணீருக்குள் அடைத்து மேலே வர விடாவிட்டால் மீன் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். பலருக்கு நம்பிக்கை வராது, ஆனால் உண்மை.

காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் நம் பக்கம் சாதாரணம்.

மார்த்தாண்டம்_விட்டவன் *(மூன்று வாரம் கழித்து)*

போய்வந்தோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் மழை. கரையில் உட்கார்ந்து கட்டன் சாயாவும் ரசவடையும் சாப்பிட்டுத் திரும்பினோம். இரண்டாம் நாள் எட்டு மணிக்குப் பூக்கட்டெல்லாம் ஏற்றி முடித்த பிறகு தாமரைக்குளத்தானின் அப்பா எங்களோடு வந்தார். கையில் ராடு இல்லை, ஒரு பூவரசங்கம்பு. அதால் சுட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். "அந்த மூணாவது இலை, மொட்டுக்கு இடப்பக்கம்" என்பார். முப்பது அடி தள்ளி, எனக்கு எல்லா இலையும் ஒரே இலை. ஒலியலை அனுப்பி மீன் தேடும் கருவியும் திரையும் வைத்துக்கொண்டு டோஹோ பெரியவர் செய்ததை இவர் கம்பை வைத்துச் செய்தார்.

பையன் முதல் நாலு வெடிப்பையும் கோட்டை விட்டான். நீங்கள் சொன்ன அதே தப்பு, வெடித்த உடனே சுண்டல். நாலாவது தவளை உண்மையாகவே என் சட்டையில் வந்து விழுந்தது. ஐந்தாவது தடவை பெரியவர் அவன் தோளில் கையை வைத்துக்கொண்டார். வெடித்ததும் தோளை அமுக்கினார். பிறகு கையை எடுத்தார். அவன் சுண்டினான். முக்கால் கிலோ இருக்கும்.

அடுத்து என் தப்பு. பாஸைக் கீழ் உதட்டில் கட்டை விரல் விட்டுத் தூக்குவது அவனுக்குப் பழக்கம். விராலுக்குப் பல் உண்டு என்று நான் சொல்ல மறந்துவிட்டேன். அலறினான். பெரிய காயம் இல்லை, டெட்டாலும் டெட்டனஸ் ஊசியும். இந்த இழையில் யாரும் அதைச் சொல்லவில்லை என்று கோபப்பட நினைத்தேன். பிறகு, ஊரில் பிறந்தவனுக்கு யார் சொல்லித் தருவார்கள் என்று விட்டுவிட்டேன்.

பார்ப்பும் பார்த்தோம், மடைக்குப் பக்கத்தில். பெரியவர் கம்பைக் குறுக்கே நீட்டி எங்களை நிறுத்திவிட்டார். பத்து நிமிடம் ராடைக் கீழே வைத்துவிட்டு மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பணம் எவ்வளவு என்று கேட்டேன். வாங்க மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்தி ஐந்நூறு ரூபாய் நோட்டு நாலு வைத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, இலை இரண்டு கிழிந்ததற்கு என்றார்.

கடைசியில் ஒரு தவளை தாமரைத் தண்டில் மாட்டி அறுந்துபோயிற்று. பச்சை நிறம், வயிறு மஞ்சள். பையன் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். கிடைத்தால் எடுத்து வையுங்கள் தம்பி.

தாமரைக்குளத்தான்

கிடைத்தது அண்ணா. இன்று காலை பூப் பறிக்கும்போது கையில் குத்தியது. நல்லவேளை எதிர்க்கொக்கி அமுக்கியிருந்தது. ஒரு முள் வளைந்திருக்கிறது, தவளையின் பின்னங்கால் ஒன்று இல்லை, எவனோ கடித்திருக்கிறான். அப்பா அதைப் பூக்கூடைப் பிடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அடுத்த தடவை வரும்போது அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எனக்குத் தர மாட்டேன் என்கிறார்.

மணக்குடி_மச்சான்

அடுத்த தடவை மணக்குடி. சொல்லிவிட்டேன்.